ஸ்டீரியோ குடிக்கும் பேட்டரி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: புதிய ஸ்டீரியோ பொருத்தியதிலிருந்து, இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் கார் கிளம்ப மறுக்கிறது. பொருத்தியவர், “பேட்டரி பழையது” என்றார். புதிய பேட்டரி வாங்கினேன். அதுவும் படுத்துவிட்டது. யாரைக் கேட்பது?

பதில்: பொருத்தியவரைத்தான். உங்கள்மேல் தவறில்லை, மின்சாரம் எங்கே போகிறது என்று அளந்துகூடப் பார்க்காமல் பேட்டரியைக் குறை சொல்லும் இந்த வழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஸ்டீரியோவுக்குள் போகும் மஞ்சள் கம்பி, கடிகாரத்தையும் வானொலி நிலையங்களையும் நினைவில் வைக்க எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்புக் கம்பி, சாவி திருப்பியிருக்கும்போது மட்டும் பெற வேண்டியது. சாவியோடு சேர்ந்த இணைப்பைத் தேடச் சோம்பல்பட்டு, சிலர் இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். திரை அணைந்திருந்தாலும் உள்ளே பெட்டி விழித்தே கிடக்கும். அரை ஆம்பியர் போனால் போதும், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. ஈய-அமில பேட்டரியில் இப்படி அடிக்கடி மின்சாரம் தீர்ந்துபோனால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுளே குறையும். உங்கள் புதிய பேட்டரிக்கும் அதுவே நடந்திருக்கலாம். இன்றிரவு ஸ்டீரியோ ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். இரண்டு நாள் கழித்தும் கார் கிளம்பினால் காரணம் தெரிந்துவிட்டது. பில்லோடு போய், இணைப்பைச் செலவில்லாமல் சரிசெய்யச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் ஈடு கேளுங்கள்.

கேள்வி: இப்படி வீணாகும் மின் கசிவை நானே அளக்க முடியுமா?

பதில்: முடியும். எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. காரின் மின்னணுப் பகுதிகள் உறங்க அரை மணி நேரமாவது விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை வேண்டாம். மிகுந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள்; எதை எடுக்கும்போது அளவு சரிகிறதோ அங்கேதான் கோளாறு. எதற்கும் சரியவில்லையென்றால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள். அதன் கேபிள் பெரும்பாலும் பேட்டரியிலிருந்து நேராக வருவதால் காரின் ஃபியூஸ் பெட்டியில் அது சிக்காது. அதற்கென்றுள்ள ஃபியூஸைத் தனியே எடுக்க வேண்டும். மீட்டரில் மலிவு பார்க்காதீர்கள். நான் வாங்கிய ஒன்றில் 10 ஆம்பியர் துளைக்குள் காப்பு ஃபியூஸே கிடையாது.

கேள்வி: காலையில் தொட்டால்கூட ஆம்ப்ளிஃபயர் வெதுவெதுப்பாக இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: இல்லை. இரவு முழுக்க அது ஓடியிருக்கிறது. அதை எழுப்பும் கம்பியை எப்போதும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து பிரித்து, ஸ்டீரியோ ஓடும்போது மட்டும் மின்சாரம் தரும் நீல-வெள்ளைக் கம்பியோடு இணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: விளம்பரம் பார்த்து, பெயர் தெரியாத பெரிய திரை ஸ்டீரியோவை பில் இல்லாமல் வாங்கினேன். பேட்டரி இறங்குகிறது. மாற்றித் தருவார்களா?

பதில்: பில் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இதைப் பலமுறை எழுதிவிட்டேன். அமைப்புகளில் உறக்க நிலைக்குப் பதிலாக முழுமையாக அணையும் தேர்வு இருந்தால் அதை வையுங்கள். இல்லாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: காரை மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைக்கலாமா?

பதில்: தாராளமாக. காரோடு வந்த ஸ்டீரியோ என்றால், மறுபடி இணைக்கும்போது ரகசிய எண் கேட்கக்கூடும். கழற்றுவதற்கு முன்பே அதைத் தேடி எடுத்து வையுங்கள்.