பானெட்டைத் திறந்தால் பளபளக்கணுமா? பழைய கார் கேள்வி பதில்

பழைய வண்டி புதுப்பிக்கிறவர்கள் கேட்டதில் இஞ்சின் பெயின்ட், முலாம் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். எனக்குப் பளபளப்பு பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாயவரத்திலிருந்து: அண்ணே, 948 சிசி மோரிஸ் மைனர் ஒண்ணு கிடைச்சிருக்கு. இஞ்சின் முழுக்க சில்வர் அடிச்சு வச்சிருக்காங்க. அசல் கலர் என்ன?

பச்சை, தம்பி. ஆனால் ‘பச்சை’ என்று கேட்டு ஒரு டப்பா வாங்கிவிடாதீங்க. அடுத்தடுத்து பெயின்ட் அடித்தவர்களின் பிரஷ் எட்டாத இடம் எந்த இஞ்சினிலும் இருக்கும். டைனமோ பிராக்கெட்டின் பின்பக்கம், டப்பெட் கவர் ஓரம், வாட்டர் பம்புக்குப் பின்னால் என்று தேடுங்க. மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு பிளேடு முனையால் மெதுவாகச் சுரண்டணும். நான் பார்த்த ஒரு மைனரில் மேலே சில்வர், அதுக்கடியில் சிவப்பு, அதுக்கும் அடியில் சாம்பல் கலந்த ஒரு பச்சை. நாற்றங்கால் பச்சையே இல்லை. சுரண்டிய பாகத்தையே பெயின்ட் கடைக்குக் கொண்டுபோய், டியூப் லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து வெயிலில் வைத்து ஒப்பிடுங்க. பிளாக் (இஞ்சினின் உடல்), ஹெட் (அதன் மேல்பாகம்), சம்ப் (அடியில் எண்ணெய் தேங்குகிற தொட்டி) எல்லாத்துக்கும் அதே கலர்தான். புகையை வெளியே கொண்டுபோகிற மேனிபோல்டில் மட்டும் பிரஷ் படக்கூடாது.

திருவாரூரிலிருந்து: பத்மினி கார் இஞ்சின் ஹெட்டில் கரி ஏறிக் கிடக்கு. காஸ்டிக் சோடா தொட்டியில் ஊறப்போடலாமா சார்?

ஐயோ, வேண்டாம். அந்த வண்டிக்கு பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். காஸ்டிக் இரும்பை ஒண்ணும் செய்யாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். என் பட்டறைப் பையன் ஒருத்தன் பிளாக்கோடு ஹெட்டையும் ராத்திரி தொட்டியில் இறக்கிவிட்டான். காலையில் தண்ணி கருகருவென்று நுரைத்துக் கிடந்தது. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கிற கேஸ்கட் உட்காரும் முகம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாகிவிட்டது. தப்பு என்மேல்தான், அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை. மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். சுத்தமானதும் அப்படியே விடுங்க. வெறும் உலோகம்தான் அதுக்கு அசல். சில்வர் பெயின்ட் அடித்தால் தகர டப்பா மாதிரி ஆகிவிடும். கார்புரேட்டரையும் அந்தத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீங்க.

கும்பகோணத்திலிருந்து: மைனர் ரேடியேட்டரின் மேல்தொட்டி பித்தளை. பாலிஷ் போட்டால் குத்துவிளக்கு மாதிரி மின்னுமே?

நம்ம ஊர்க்காரருக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்! ஆனால் அந்தக் காலத்து மைனருக்குக் கறுப்பு. அதையும் மெல்லிசாக ஒரே கோட். தடிமனாக அடித்தால் காற்று போகிற இடுக்கு அடைந்துவிடும். பித்தளைதான் வேணும் என்றால் 1917 மாடலுக்கு முந்தைய ஃபோர்டு மாடல் டி தேடுங்க.

நாகப்பட்டினத்திலிருந்து: எக்ஸாஸ்ட் மேனிபோல்டு வாரத்துக்கு வாரம் துருப்பிடிக்குது. குரோம் போட்டுடலாமா?

வேண்டாம். அது வெறும் வார்ப்பிரும்பாக வந்தது, துருப்பிடிக்கிறது அதோட சுபாவம். ஆனால் உங்க உப்புக்காத்துக்கு அசலை அப்படியே காப்பாத்துறது கஷ்டம். அதனால் பளபளப்பில்லாத, சூடு தாங்குகிற சாம்பல் கலர் பெயின்ட் அடிங்க. துருவை வெறும் உலோகம் தெரியும்வரை எடுக்கணும். பிறகு டப்பாவில் போட்டிருக்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி ஆறவிடணும். சாதா எனாமல் முதல் ஓட்டத்திலேயே கருகிப் புகையும்.

பட்டுக்கோட்டையிலிருந்து: நட்டு போல்ட் எல்லாத்தையும் மொத்தமாக முலாமுக்கு அனுப்பலாமா அண்ணே?

பிரித்து அனுப்புங்க. கம்பெனியில் கேட்மியம் முலாம் போட்ட சின்ன போல்டுகளுக்கு வெள்ளை ஜிங்க் (துத்தநாக) முலாம் பொருந்தும். கேட்மியம் விஷம், அதைத் தேடி அலையாதீங்க. ஆனால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராட் போல்டும், ஹெட்டை பிளாக்கோடு இறுக்குகிற ஸ்டட்டும் அந்தப் பையில் சேரவே கூடாது. முலாம் வேலையில் ஆசிடில் முக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே ஏறி, உறுதியான எஃகு நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, வண்டி ஓடும்போது ஒருநாள் படக்கென்று உடையும். அதையெல்லாம் எண்ணெய் தடவி மாட்டுங்க.

மன்னார்குடியிலிருந்து: அம்பாசடர் இஞ்சினுக்கு எந்தக் கலர்?

முதலில் ஆர்சி புத்தகத்தை எடுத்து இஞ்சின் நம்பரைப் பிளாக்கோடு ஒத்துப் பாருங்க. நம்ம பக்கத்தில் பெட்ரோலைக் கழற்றி டீசல் ஏத்தின வண்டிதான் ஏராளம். நம்பர் ஒத்துப்போனால் கலருக்கு மாயவரத்துத் தம்பிக்குச் சொன்ன மாதிரியே சுரண்டிப் பாருங்க.