அம்லோடிபின் தொடங்கிய பின் கால் வீக்கம்: எச்ஐவி மருந்தின் பெயரைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. எச்ஐவிக்கு மருத்துவமனையிலும் இரத்த அழுத்தத்துக்குப் பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) மருந்து வாங்குவதாகவும், அம்லோடிபின் தொடங்கிய பின் இரண்டு கணுக்கால்களும் வீங்குவதாகவும், எச்ஐவி பற்றிப் பலதுறை மருந்தகத்தில் சொல்லத் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அம்லோடிபின் தனியாகவே கால் வீக்கம் தரக்கூடியதுதான். ஆனால் உங்கள் எச்ஐவி மாத்திரையில் கோபிசிஸ்டாட் அல்லது ரிட்டோனாவிர் இருந்தால், அது கல்லீரலில் அம்லோடிபின் சிதைவதைத் தடுத்து, 5 மில்லிகிராம் மாத்திரையையே அதைவிடக் கூடுதலாக உட்கொண்டதுபோல் ஆக்கிவிடும். அதில் எஃபாவிரென்ஸ் இருந்தால் நேர்மாறாக அம்லோடிபினின் வீரியம் குறையும். டோலுடெக்ராவிர் அம்லோடிபினோடு மோதுவதில்லை. மருந்துப் போத்தலின் ஒட்டுத்தாளில் இப்பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கும்.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எச்ஐவி மருந்து தரும் மருந்தாளரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பதால், அம்லோடிபின் மாத்திரைப் பட்டையை முதலில் அவரிடமே காட்டுங்கள்; பிறகு பலதுறை மருந்தக மருத்துவரிடமும் சொல்லிவிடுவதே நல்லது என்று உறுதியாக நம்புகிறேன், ஏனெனில் அடுத்து அவர் எழுதித்தரும் மருந்தும் இதேபோல் மோதலாம், நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவருடைய கடமை. அதுவரை ஒரு வாரம், காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் இரண்டிரண்டு முறை அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் அந்தக் குறிப்பையும் கொண்டுசெல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.