நிலநடுக்க ரெட்ரோஃபிட் (கட்டடத்தை வலுப்படுத்தும்) வேலைக்கு உரிமையாளர் மாதம் 75 டாலர் கேட்கிறார், கட்ட வேண்டுமா?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் வாடகைக்கு இருக்கிறோம். 1964இல் கட்டிய மரச்சட்டக் கட்டடம், எட்டு வீடுகள், கீழே பார்க்கிங், அதன் மேலே எங்கள் வீடு. நிலநடுக்கத்துக்காகக் கட்டடத்தை வலுப்படுத்த 60,000 டாலர் ஆகிறதாம். அடுத்த மாதத்திலிருந்து வாடகையோடு 75 டாலர் சேர்த்துக் கொடுங்கள், மூன்று மாதம் காரைத் தெருவில் நிறுத்துங்கள், முடியாவிட்டால் 5,000 டாலர் வாங்கிக்கொண்டு காலி செய்யுங்கள் என்று உரிமையாளர் கதவில் தாள் ஒட்டிவிட்டார். என்ன செய்வது?

பதில்: அந்த 75 டாலரைக் கட்டாதீர்கள். ஆனால் வழக்கமான வாடகையைத் தேதி தவறாமல் கட்டிவிடுங்கள், வாடகை பாக்கி என்று ஒரு காரணத்தை நாமே அவர் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அதே சமயம் வேலைக்கு முட்டுக்கட்டை போடாதீர்கள். 1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இதே மாதிரி கீழே பார்க்கிங் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடம் அமுங்கிப் போய் 16 பேர் இறந்தார்கள். ஒருமுறை உங்கள் காருக்குப் பக்கத்தில் நின்று மேலே பாருங்கள்: மூன்று பக்கம் சுவர், கார் நுழையும் பக்கம் மட்டும் ஒல்லியான நாலைந்து கம்பங்கள், அதன் மேல் உங்கள் படுக்கையறை. இப்படிப்பட்டதைத்தான் சாஃப்ட் ஸ்டோரி என்கிறார்கள். தரை பக்கவாட்டில் ஆடும்போது பிடித்து நிறுத்த அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, அதனால்தான் அங்கே எஃகுச் சட்டகம் வைக்கிறார்கள்.

1978க்கு முந்தைய விதிகளின்படி கட்டிய இத்தகைய மரக் கட்டடங்களை, நாலு வீடும் அதற்கு மேலும் இருந்தால், வலுப்படுத்தியே தீர வேண்டும் என்று நகரம் 2015இல் சட்டம் போட்டது. உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் வரைபடம், மூன்றரை ஆண்டுக்குள் பெர்மிட், 7 ஆண்டுக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆக இது உங்கள் உரிமையாளருக்குத் திடீரென்று வந்து விழுந்த செலவு இல்லை. கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் உத்தரவு எப்போது போனது என்றே தெரிந்துவிடும்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். உங்கள் கட்டடம் 1978 அக்டோபர் 1க்கு முந்தையது, எட்டு வீடு வேறு, அதனால் நகரத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அதன்படி செலவில் பாதியைத்தான் வாடகைதாரர்களிடம் வாங்கலாம், அதுவும் 10 ஆண்டுக்குப் பிரித்து, ஒரு வீட்டுக்கு மாதம் அதிகபட்சம் 38 டாலர். 60,000இல் பாதி 30,000, எட்டு வீட்டுக்குப் பிரித்தால் 3,750, அதை 120 மாதத்தால் வகுத்தால் 31 டாலர் 25 சென்ட். அவர் கேட்பது 75! இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். அந்த 31ஐக்கூட இப்போது வாங்க முடியாது. வேலை முடிந்து, ரசீதுகளோடு வீட்டுவசதித் துறையில் விண்ணப்பித்து, அவர்கள் ஒப்புதல் தந்த பிறகுதான். (சான் பிரான்சிஸ்கோவில் கணக்கே வேறு, அங்கே இருக்கும் உறவினர் சொன்னார் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

பார்க்கிங் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை எடுத்துவிட்டு வாடகையைக் குறைக்காமல் இருப்பது சட்டத்தின் கண்ணில் வாடகை உயர்வுதான். மாற்று இடமோ அந்த மூன்று மாதத்துக்கு வாடகைக் குறைப்போ எழுத்தில் கேளுங்கள். சத்தம், தூசி, தண்ணீர் நிறுத்தம் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்ற திட்டத்தையும் அவர் வீட்டுவசதித் துறையிடம் தாக்கல் செய்து நகல் உங்களுக்குத் தர வேண்டும். வந்ததும் படித்துவிடுங்கள், மேல்முறையீட்டுக்குத் தரும் நாட்கள் கொஞ்சம்தான்.

அப்புறம் அந்த 5,000 டாலர். இந்த வேலையைக் காட்டி உங்களை நிரந்தரமாக வெளியேற்ற முடியாது, அதனால்தான் காசு காட்டுகிறார். பழைய வாடகையில் இருப்பவர்கள் போனால் புதியவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார், நீங்களும் போட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் பதில்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் 30 நாளுக்குள் ரத்து செய்யலாம், அதனால் தேதியைப் பார்த்துவிட்டு உடனே எழுதுங்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் போட்டோ எடுத்து வையுங்கள்.