கணினிக் கேள்வி-பதில்: ஆண்டு எப்படிக் கோடாக மாறியது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தொழிற்சாலைக்கு ஆண்டுதோறும் கொடுத்த பசுந்தேயிலையின் எடையை 2016 முதல் 2024 வரை எக்செலில் ஏற்றிக் கோட்டு வரைபடம் போட்டேன். 2020-ஆம் ஆண்டுக் கணக்கு மட்டும் என்னிடம் இல்லை. படத்தில் இரண்டு கோடுகள் வருகின்றன. ஒன்று 2000-ஐ ஒட்டித் தட்டையாகக் கிடக்கிறது. கீழே ஆண்டுகளைக் காணோம், 1 முதல் 8 வரை எண்கள்தான் இருக்கின்றன. விலையைச் சேர்த்தால் அது தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஊர்க் கூட்டத்தில் காட்ட வேண்டும், உதவுங்கள்.
- சிறு விவசாயி, கோத்தகிரி

பதில்: ஐயா, அந்தத் தட்டைக் கோடுதான் நீங்கள் தேடும் ஆண்டுகள். 2016, 2017 என்பவை நமக்குப் பெயர்கள்; எக்செலுக்கு அவை வெறும் எண்கள். பக்கத்து நெடுவரிசையில் இருக்கும் கிலோவைப் போலவே இவற்றையும் ஓர் அளவாக எடுத்துக்கொண்டு கோடு போட்டுவிட்டது. அச்சில் எழுதப் பெயர் எதுவும் மிஞ்சாததால் தானே 1, 2, 3 என்று எண்ணிவிட்டது.

வரைபடத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு 'செலக்ட் டேட்டா'வைத் திறங்கள். இடப்பக்கப் பெட்டியில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பெயர் இருக்கும்; அதில் 'ஆண்டு' என்பதும் ஒன்று. அதைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்' கொடுங்கள். பிறகு வலப்பக்கப் பெட்டியின் 'எடிட்' பொத்தானை அழுத்தி, 2016 முதல் 2024 வரையுள்ள கட்டங்களைக் காட்டுங்கள். மேலே 'ஆண்டு' என்று எழுதியிருக்கும் தலைப்புக் கட்டத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் முதல் புள்ளிக்குக் கீழே 'ஆண்டு' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2016 என்ற பெயர் ஓர் இடம் தள்ளி 2017-இன் எடைக்குக் கீழே போய்விடும், மற்ற ஆண்டுகளும் அப்படியே. படம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும் என்பதால், கூட்டத்தில் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதனால்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

'எடிட்' அழுத்தியதும் வரும் சிறு பெட்டிக்குள் கட்டங்களின் முகவரியைத் திருத்த அம்புக்குறி விசையை அழுத்தினால், நகர்வதற்குப் பதில் புதிய கட்டத்தின் முகவரி உள்ளே நுழைந்துவிடும். முதலில் எஃப்2 விசையை அழுத்திவிட்டுத் திருத்துங்கள். அடுத்த முறை புதிதாக வரைபடம் போடும்போது 'ஆண்டு' என்ற தலைப்பை அழித்து அந்த மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டால், முதல் நெடுவரிசையை எக்செல் தானாகவே பெயர்களாக எடுத்துக்கொள்ளும்.

2020-க்கு வருவோம். கோட்டு வரைபடத்தில் பெயர்கள் சம இடைவெளியில் நிற்கும். 2019-க்கு அடுத்து 2021 வந்தால், இடையில் ஓர் ஆண்டு விடுபட்டது கண்ணுக்குத் தெரியாது. 2020 என்று ஒரு கிடைவரிசையைச் சேர்த்து எடைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கோடு அங்கே அறுந்து நிற்கும், அறுந்தே நிற்கட்டும். இல்லாத கணக்கை இல்லை என்று காட்டுவதே நேர்மை.

விலை தரையோடு ஒட்டக் காரணம் எளிது: எடை ஆயிரக்கணக்கில், விலை இரண்டு இலக்கத்தில். விலைக் கோட்டை 'செகண்டரி ஆக்சிஸ்'க்கு மாற்றினால் வலப்புறம் தனி அளவுகோல் கிடைக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. இரண்டு அளவுகோல்களை நம் வசதிக்கு நீட்டிச் சுருக்கி, எந்த இரண்டு கோடுகளையும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை போலக் காட்டிவிடலாம். தேயிலைத் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எடைக்கு ஒரு படம், அதன் கீழே விலைக்கு ஒரு படம் என்றுதான் போட்டுவருகிறேன். உங்கள் கூட்டத்துக்கும் அதுவே நல்லது.

கேள்வி: தேவாலா அருகே பள்ளி ஆசிரியை நான். மாணவர்கள் தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளந்து எழுதுகிறார்கள். 2024 ஜூன் மாதப் பதிவை 01/06/2024, 02/06/2024 என்று ஏற்றினோம். வரைபடத்தில் மாதப் பெயர் வரட்டும் என்று தேதியின் வடிவத்தை மாற்றினால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று வருகிறது. 13-ஆம் தேதியிலிருந்து எதுவுமே மாறவில்லை.
- ஆசிரியை, கூடலூர் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கணினி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கிறது. 01/06 என்றால் அதற்கு ஜனவரி 6. 02/06 பிப்ரவரி 6. இப்படியே 12/06 வரை போய் டிசம்பரைத் தொட்டுவிடும். 13-ஆவது மாதம் கிடையாதே! எனவே 13/06 முதல் மாத இறுதி வரை அதைத் தேதியாகவே ஏற்காமல், வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. கட்டங்களைப் பாருங்கள்: முதல் பன்னிரண்டும் வலப்பக்கம் ஒட்டியும், மற்றவை இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தால் இந்த அடையாளம் மறைந்துபோகும். ஒருமுறை அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? முதல் தேதிக் கட்டத்தை 'ஜெனரல்' வடிவத்துக்கு மாற்றுங்கள். எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று எனக் கொண்டு நாள்களை எண்ணி வைக்கிறது. 2024 ஜூன் 1 என்றால் 45444 வர வேண்டும். உங்களுக்கு 45297 வரும்; அது ஜனவரி 6.

முதலில் விண்டோஸ் அமைப்புகளில் 'ரீஜன்' பகுதிக்குப் போய், தேதி வடிவத்தை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இது இனி ஏற்றப்போவதைச் சரிசெய்யும். ஏற்கெனவே தவறிப்போனதைத் திருத்தாது. முதல் பன்னிரண்டு தேதிகளைத் திரும்பத் தட்டச்சு செய்துவிடுங்கள். எழுத்தாக நிற்பவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' பட்டியலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொடுத்து, மூன்றாம் படியில் 'டேட்' என்பதில் நாள்-மாதம்-ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தப் பதிவைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஆண்டு முழுவதும் எழுதி மாதவாரியாகக் கூட்டி, குன்னூர்ப் பக்கப் பள்ளி ஒன்றின் பதிவோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தூண்கள் உயர்ந்து நிற்கும். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர், நவம்பர்தான் உயரம். ஒரே மாவட்டத்தின் இரண்டு மழைக்காலங்களைக் குழந்தைகள் தங்கள் கையால் அளந்து கண்டுபிடிப்பது சாதாரண விஷயமில்லை.

கேள்வி: உறைபனிக் காலத்துக் குறைந்தபட்ச வெப்பநிலையைத் தூண் வரைபடமாகப் போட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே போன நாள்களின் தூண்கள் தேதிகளின் மேல் விழுந்து எழுத்தை மறைக்கின்றன.
- கல்லூரி மாணவர், தலைகுந்தா

பதில்: தம்பி, தேதிகள் பூஜ்யக் கோட்டை ஒட்டி நிற்பதால் வரும் சிக்கல் இது. கிடைமட்ட அச்சின் 'ஃபார்மேட் ஆக்சிஸ்' பகுதியில் 'லேபிள்ஸ்' என்பதைத் திறந்து, 'லேபிள் பொசிஷன்' எனும் இடத்தில் 'லோ' கொடுங்கள். எழுத்துகள் படத்தின் அடிக்கு இறங்கிவிடும்; பூஜ்யக் கோடு அதன் இடத்திலேயே இருக்கும்.

கேள்வி: மேட்டுப்பாளையம் மண்டியில் எங்கள் கேரட்டுக்குக் கிடைத்த விலையை நாள்வாரியாக எழுதுகிறேன். லோடு போகாத நாளில் '-' போடுகிறேன். அந்த நாள்களில் விலை பூஜ்யத்துக்கு விழுவதாகப் படம் காட்டுகிறது. புதிய நாளைச் சேர்த்தாலும் படத்தில் வருவதில்லை.
- விவசாயி, கேத்தி பாலாடா

பதில்: '-' என்பது எழுத்து. எழுத்து இருக்கும் கட்டத்தை வரைபடம் பூஜ்யமாகவே போடும். '40 ரூபாய்' என்று எழுதினாலும் அதே கதிதான். அலகைத் தலைப்பில் எழுதி, கட்டத்தில் 40 மட்டும் வையுங்கள். லோடு போகாத நாளைக் காலியாக விடுங்கள். 'செலக்ட் டேட்டா'வுக்குள் 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. காலிக் கட்டத்தை இடைவெளியாக விடுவதா, கோட்டால் இணைப்பதா என்பதை அங்கே முடிவு செய்யலாம். மண்டி விலைக்கு இடைவெளியே சரி. விற்காத நாளுக்கு உங்களிடம் விலை கிடையாது.

புதிய நாள் தானாக வர, விவரத்துக்குள் ஒரு கட்டத்தில் நின்று கண்ட்ரோலையும் டி விசையையும் சேர்த்து அழுத்தி, அதை அட்டவணையாக்குங்கள். அடுத்த கிடைவரிசையில் எழுத எழுதக் கோடு நீளும். அடியில் 'சராசரி' என்று ஒரு வரி வைத்திருந்தால், அட்டவணையாக்கும் முன்பே அதை வேறு இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் அதையும் ஒரு நாள் விலையாகச் சேர்த்துப் படம் வரைந்துவிடும்.