ஒம்ஸெட் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் நெதர்லாந்தில், ஐந்தோவனில் ஒரு சிறு நிறுவனத்தில் மென்பொருள் வேலை செய்கிறேன். சைக்கிள் உதிரிபாகங்களை இணையத்தில் விற்கும் நிறுவனம். சொந்தச் சரக்கும் உண்டு, மற்றக் கடைக்காரர்கள் எங்கள் தளத்தில் போட்டு விற்பதும் உண்டு. ஓர் அமெரிக்க நிறுவனம் எங்களை வாங்கும் பேச்சு நடக்கிறது. எனக்குக் கொஞ்சம் டச்சு தெரியும் என்பதால், நான்கு பக்க அறிமுகக் குறிப்பை இங்கிலீஷில் மாற்றித் தரச் சொன்னார்கள். அதில் 'ஒம்ஸெட் 9,2 மில்லியன் யூரோ' என்று ஒரு வரி. மொழிபெயர்ப்பு மெஷின் 'டர்ன்ஓவர்' என்றது, அப்படியே போட்டேன். வீடியோ கூட்டத்தில் அமெரிக்கர், "டர்ன்ஓவரா? உங்களிடம் அவ்வளவு பேரா வேலையை விட்டுப் போகிறார்கள்?" என்று சிரித்தார். அகராதியில் டர்ன்ஓவர், ரெவின்யூ, சேல்ஸ் மூன்றும் இருக்கின்றன. எது சரி? 'கொமிஸாரிஸ்' என்பதை 'கமிஷனர்' என்று போட்டதற்கும் சிரித்தார்கள். டச்சு வறண்ட மொழி, ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் ஒப்பேற்றுகிறார்கள் என்று தோன்றுகிறது. முதலாளியிடம் திரும்பத் திரும்பக் கேட்டால் எனக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ர.

*

அன்புள்ள ர,

உங்கள் கடிதம் வந்த வாரம், நிலவறையில் இருந்த பழைய பெட்டிகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். 1998-ஆம் வருடக் கணக்குக் கொப்பி ஒன்று கையில் வந்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், இரண்டு கோடு போட்டு, 'ஒம்ஸெட்' என்று இருக்கிறது. ஆகவே உங்களுக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கமிஷனரை முதலில் அனுப்பிவைப்போம். டச்சுக் கம்பெனியில் கொமிஸாரிஸ் என்றால் நிர்வாகிகளை மேற்பார்வை பார்க்கும் குழுவின் உறுப்பினர். போலீஸ் அதிகாரிக்கும் அதே பெயர்தான். திருத்திவிடுங்கள், அவ்வளவுதான்.

வறண்ட மொழி என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குக் கோபத்தைத் தந்தது. தம்பி, நீங்கள் அந்த மொழியில் சம்பளம் வாங்குகிறீர்கள். என் அம்மா யாழ்ப்பாணத்தில் வாழ்நாள் முழுக்க ஆபீஸை 'கந்தோர்' என்றுதான் சொன்னார். அது டச்சுக்காரன் விட்டுப்போன 'கான்டோர்' என்று அவருக்குத் தெரியாது. ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுவது யார்தான் இல்லை? நம் 'முதல்' என்ற சொல்லைப் பாருங்கள். களத்தில் அளந்தால் கண்டுமுதல், கடையில் விற்றால் விற்றுமுதல், கையில் இருந்தால் கைமுதல், போட்டால் முதலீடு, போட்டவர் முதலாளி. உங்கள் அமெரிக்கரிடம் இதைக் கொடுத்து ஒரே சொல்லில் இங்கிலீஷில் தரச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒம்ஸெட்டுக்கு வருகிறேன். 'ஒம்' என்றால் சுற்றி, 'ஸெட்டன்' என்றால் வைப்பது. 'ஒம்ஸெட்டன்' என்றால் ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது. நீங்கள் ஒரு கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்கும் இதே வினைதான். சரக்கு காசாக மாறியது, அது ஒம்ஸெட். எவ்வளவு மாறியது என்றுதான் சொல் சொல்கிறது. யாருடைய சரக்கு, வரி உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் சொல்பவரின் தலைக்குள் இருக்கிறது.

அந்தக் கொப்பியின் கதை இதுதான். டென் ஹாக்கில் ஒரு தோக்கோ, நம் ஆட்கள் அரிசி, கருவாடு, தேங்காய்ப்பால் வாங்கும் சிறு கடை, விற்பனைக்கு வந்தது. நான் அங்கே இரண்டு வருடம் மூட்டை தூக்கியவன், வாங்கிவிடலாம் என்று ஆசை. லண்டனில் இருந்த மைத்துனர் பணம் தர ஒப்புக்கொண்டார். அவருடைய கணக்காளர் கடையின் விவரத்தை இங்கிலீஷில் கேட்டார். கடைக்காரரிடம் போய் ஒம்ஸெட் எவ்வளவு என்றேன். வருடத்துக்கு நாலு லட்சத்து இருபதாயிரம் கில்டர் (யூரோவுக்கு முந்தைய டச்சுக் காசு) என்றார். நான் ஒரு பக்கம் எழுதி ஃபேக்ஸ் அனுப்பினேன். 'இன்கம்' என்று போட்டேன். எனக்கு அன்று தெரிந்த இங்கிலீஷில் கடைக்குள் வரும் காசுக்கு அதுதான் பெயர்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கொக்கி. அதில் கொத்தாக டெலிபோன் கார்டுகள் தொங்கும். ஊருக்குப் பேசுவதற்காகச் சனிக்கிழமைகளில் ஆட்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். 25 கில்டர் கார்டு ஒன்று போனால் எங்களுக்கு நிற்பது இரண்டரை கில்டர், மிச்சம் கார்டு கொடுத்தவனுக்கு. ஆனால் கல்லா மெஷினில் 25 என்றுதான் அடிப்போம். இரவில் அந்தக் காகிதச் சுருளை இழுத்தால் முழங்கை நீளத்துக்கு 25, 25, 25. அந்த நாலு லட்சத்து இருபதாயிரத்தில் பாதிக்கு மேல் இந்தக் கார்டுகள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஒம்ஸெட் கேட்டேன், ஒம்ஸெட் சொன்னார். பே-தே-வே, அதாவது விற்பனை வரி, அதில் சேர்ந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே! உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பதினொரு மாதத்தில் கடையை விட்டோம். மைத்துனர் மூன்று வருடம் பேசவில்லை. அக்காதான் இடையில் கிடந்து அவதிப்பட்டார். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன், எல்லாம் காலம் கடந்து. டச்சு சிவில் சட்டத்தின் இரண்டாம் புத்தகம், 377-ஆம் பிரிவு, 'நெட்டோ ஒம்ஸெட்', அதாவது நிகர ஒம்ஸெட், என்ன என்று சொல்கிறது: சரக்கும் சேவையும் கொடுத்து வந்த தொகையில் தள்ளுபடியைக் கழித்து, ஒம்ஸெட் மேல் விதித்த வரிகளையும் கழித்தது. கவனித்தீர்களா, நெட்டோ ஒம்ஸெட்டை விளக்கும் வாக்கியத்துக்குள்ளேயே வெறும் ஒம்ஸெட் விளக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பே-தே-வேயின் சட்டப் பெயரும் ஒம்ஸெட்பெலாஸ்டிங் தான், 1968-ஆம் வருடச் சட்டம். ஆகவே ஆண்டறிக்கையில் 'நெட்டோ' முன்னால் இருந்தால் உங்கள் வேலை சுலபம், வரி வெளியே போய்விட்டது. அறிமுகக் குறிப்பில், வலைத்தளத்தில், கடைக்காரர் வாயில் வெறும் ஒம்ஸெட் என்று வந்தால் ஒன்றும் தெரியாது. 21 சதவீத வரி உள்ளே இருக்கிறதா என்பது 9,2 மில்லியனில் சின்ன விஷயம் இல்லை.

உங்கள் தளத்தில் மற்றவர் சரக்கும் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கடிதம் முழுக்க அந்த ஒரு வரிதான் முக்கியம், நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஒருவர் நூறு யூரோ கொடுத்து வேறு கடைக்காரரின் செயினை உங்கள் தளத்தில் வாங்குகிறார், உங்களுக்குப் பன்னிரண்டு யூரோ கமிஷன் என்று வையுங்கள். உங்கள் முதலாளியின் ஒம்ஸெட்டில் நூறு ஏறியதா, பன்னிரண்டு ஏறியதா? 2018-இலிருந்து நடைமுறையில் இருக்கும் ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற சர்வதேசக் கணக்கு விதியின்படி, நீங்கள் வெறும் இடைத்தரகர் என்றால் கமிஷனை மட்டும்தான் ரெவின்யூ என்று காட்டலாம். நூறையும் சேர்த்த கணக்குக்கு ரெவின்யூ என்று பெயர் வைத்து அமெரிக்கரிடம் கொடுத்தால், அவர் இந்த முறை சிரிக்க மாட்டார், வக்கீலைக் கூப்பிடுவார். என் கொக்கியில் தொங்கிய கார்டுதான் இதுவும்.

முதலாளி தப்பாக நினைப்பார் என்ற பயத்தை விடுங்கள். முப்பது வருடத்தில் நான் பார்த்த டச்சுக்காரர்கள் நேராகக் கேட்டதற்காக யாரையும் குறைத்து நினைத்ததில்லை, நேராகக் கேட்காததற்காக நினைத்திருக்கிறார்கள். மூன்று கேள்வி போதும்: வரி உள்ளேயா, மற்றவர் சரக்கின் முழு விலையும் சேர்ந்ததா, திரும்பி வந்த சரக்கைக் கழித்தாயிற்றா. டச்சிலேயே கேளுங்கள், இலக்கணம் போனால் போகட்டும்.

நீங்கள் கேட்ட கேள்வியை மறந்தேவிட்டேன். டர்ன்ஓவர் தப்பில்லை. இங்கிலாந்தில் கம்பெனிச் சட்டத்தின் சொல்லே அதுதான். அமெரிக்கருக்கு அது ஆள் மாறுவது, சரக்கு சுழல்வது. ஆகவே பன்னிரண்டு என்று பதில் வந்தால் ரெவின்யூ. நூறு என்று வந்தால் 'தளத்தின் வழியே நடந்த மொத்த விற்பனை' என்று நீட்டி எழுதிவிட்டு, கமிஷனைத் தனி வரியில் காட்டுங்கள். அப்புறம், 9,2-ல் இருக்கும் காற்புள்ளி டச்சுக்காரரின் தசமப் புள்ளி, இங்கிலீஷில் அதைப் புள்ளியாக மாற்றினீர்களா? இல்லை என்றால் அதையும் பாருங்கள்.

முதலாளி என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.