முதியோர் இல்லத்தில் பொருள் காணாமல் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. மாதம் 28,000 ரூபாய் கட்டி ஒரு முதியோர் இல்லத்தில் வைத்திருக்கிறோம். குளிப்பாட்டுவது, புடவை மாற்றிவிடுவது எல்லாம் அங்குள்ள ஆயாக்கள்தான். போன வாரம் பார்க்கப் போனபோது கையில் ஒரு வளையலைக் காணோம். கேட்டால், சேர்க்கும்போது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். 'விலை உயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அதில் அச்சடித்திருக்கிறது. அவ்வளவுதானா? (திருச்சி வாசகி)

பதில்: அதற்குள் விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டியே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கோர்ட்டில் அது எப்போதும் செல்லுபடியாவதில்லை.

இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். டெல்லி தாஜ்மகால் ஓட்டலில் 1998-ல் ஒருவர் காரை நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கார் திருடு போனது. 'உரிமையாளர் பொறுப்பில்தான் நிறுத்துகிறீர்கள்' என்று சீட்டில் போட்டிருக்கிறோமே என்றது ஓட்டல். 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டோம் என்று நிரூபிக்க வேண்டியது ஓட்டல்தான், சீட்டில் உள்ள வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்றது. இன்னொன்று 2023-ல் வந்தது. ரயிலில் ஒரு லட்சம் ரூபாயை இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர் அதைப் பறிகொடுத்துவிட்டு ரயில்வேயிடம் நஷ்ட ஈடு கேட்டார். தன்னிடம் இருந்ததைத் தானே பாதுகாக்க முடியாதவருக்கு ரயில்வே எப்படிப் பொறுப்பாகும் என்று அதே உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

உங்கள் அம்மாவின் வளையல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் காரைப் போல. கையிலேயே போட்டிருந்ததால் ரயில் பயணியைப் போல என்று ஹோம் தரப்பு வக்கீல் வாதாடுவார். ஆனால் ரயில் பயணியை யாரும் குளிப்பாட்டிவிடுவதில்லை. தன் பொருளைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதற்காகத்தான் காசு கொடுத்து அங்கே விட்டிருக்கிறீர்கள். உங்கள் வழக்கின் பலம் அதுதான், அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வளையலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அந்த நாட்களில் டியூட்டியில் யார் யார், நடைபாதை சிசிடிவி பதிவை அழிக்காமல் வையுங்கள், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். பல கேமராக்களில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். அப்புறம் போலீஸ். எஃப்ஐஆர் போடத் தயங்கினாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்து வையுங்கள்.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஹோம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். சேவைக்காகக் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

ஒரு கஷ்டமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. அம்மா வளையலோடு உள்ளே வந்தார் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? நகைக்கடை பில்லைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் பொங்கலுக்கு அனுப்பிய படம், பேத்தி எடுத்த செல்ஃபி, ஹோம்காரர்களே பிறந்தநாள் கொண்டாடிப் போட்ட வீடியோ என எதில் கை தெரிந்தாலும் தேதியோடு எடுத்து வையுங்கள். அவர்களே போட்ட வீடியோ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: அடுத்த மாதம் அப்பாவைச் சேர்க்கப் போகிறோம். ஆரம்பத்திலேயே என்ன செய்துவைத்தால் பிறகு தலைவலி இருக்காது? (மதுரை வாசகர்)

பதில்: ஒரு பட்டியல், இரண்டு பிரதி, கீழே வார்டன் கையெழுத்தும் முத்திரையும். பூட்டு, பீரோ எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பட்டியலை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். 'செயின் 1, மோதிரம் 1, செல்போன் 1' என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'முறுக்குச் செயின், 12 கிராம், கொக்கி பக்கம் ஒரு வளையம் மாற்றிப் பற்றவைத்தது' என்று எழுதுங்கள். சில இடங்களில் தங்கம் என்று எழுத மாட்டார்கள், 'மஞ்சள் நிற உலோகம்' என்பார்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு, உரசிப் பார்த்தா வாங்குகிறார்கள்? அதற்காகச் சண்டை போடாதீர்கள். எடையும் படமும் இருந்தால் போதும். அண்மையில் வாங்கிய நகை என்றால் ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யூ.ஐ.டி. குறியீடு பொறித்திருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. லென்ஸ் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனுக்கு *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை எழுதுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அதை முடக்க அந்த எண்தான் வேண்டும்.

பட்டியல் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். தீபாவளிக்கு வாட்ச் வாங்கிக் கொடுப்பீர்கள், அண்ணன் வந்து ரேடியோ வைத்துவிட்டுப் போவார், பட்டியலில் இரண்டும் இருக்காது. கொடுக்கும்போதும் திருப்பி எடுத்துப்போகும்போதும் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

எடுத்துப்போகவே கூடாதவையும் உண்டு: பத்திரம், எஃப்டி ரசீது, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக். நகையை பேங்க் லாக்கரில் வைப்பதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்தால் பேங்கின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி இது. வாடகை 2,000 என்றால் இரண்டு லட்சம். அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: மாமனாரின் பல்செட் காணாமல் போய் இப்போது காது மெஷினும் போய்விட்டது. இதையெல்லாமா திருடுவார்கள்? (சேலம் வாசகி)

பதில்: திருட மாட்டார்கள். பல்செட்டைத் திருடி யார் வாயில் வைப்பது? இவை தொலைகிற இடம் வேறு. சாப்பிடும்போது உறுத்துகிறது என்று கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டோரம் வைப்பார், தட்டு எடுக்க வருபவர் எச்சில் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார். காது மெஷின் படுக்கும்போது கழன்று தலையணை உறைக்குள் போகும், காலையில் உறையோடு சலவைக்குப் போகும். ஆகவே காணோம் என்றதும் முதலில் சலவை மூட்டை, பிறகு குப்பைக்கூடை, சட்டைப் பை, கட்டில் இடுக்கு. அன்றைய மூட்டை போவதற்குள் தேடினால்தான் பலன்.

புதுப் பல்செட் செய்யும்போது பெயரை உள்ளே பதித்துத் தரும்படி பல் டாக்டரிடம் கேளுங்கள். அக்ரிலிக்கில் அது சின்ன வேலை. ஒரே ஹோமில் ஆளுக்கொரு டம்ளரில் பல்செட் ஊறும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டாமா! காது மெஷினுக்குச் சட்டையில் மாட்டும் கயிறு கிளிப் கிடைக்கிறது. சீரியல் எண்ணைப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். இரவில் கழற்றி மூடி போட்ட டப்பாவில் வைப்பது ஆயாவின் வேலைப்பட்டியலிலேயே எழுதப்பட்டிருந்தால், தொலைந்தபோது சேவைக் குறைபாடு என்று கேட்க உங்களுக்கு வழி உண்டு. வாய்ச்சொல்லாக இருந்தால் கிடையாது.

கேள்வி: அம்மாவின் புடவையை வேறொருவர் கட்டியிருக்கிறார். சலவையில் மாறிவிட்டதாம். (ஈரோடு வாசகர்)

பதில்: மாறத்தான் செய்யும். அழியாத மார்க்கரால் உள்பக்க ஓரத்தில் பெயரும் அறை எண்ணும் எழுதுங்கள். அந்தக் காலத்தில் சேங்கொட்டைப் பாலால் சலவைக்குறி போட்டார்களே, துணி கிழிந்தாலும் குறி போகாது. பட்டுப்புடவையை ஹோமில் வைக்காதீர்கள், விசேஷத்துக்கு நீங்களே கொண்டுபோய்க் கட்டிவிட்டுத் திரும்ப எடுத்துவாருங்கள்.

கேள்வி: நான் துபாயில் இருக்கிறேன். கோவை ஹோமில் இருக்கும் அப்பா, அட்டெண்டரிடம் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து மருந்து வாங்கச் சொல்லியிருக்கிறார். 40,000 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. பேங்க் தருமா?

பதில்: தராது. பின் நம்பரை அவரே சொல்லிக்கொடுத்ததால், புகார் கொடுக்கும் வரை போன பணம் அவர் தலையில்தான். புகார் கொடுத்த நிமிஷத்துக்குப் பிறகு போனால் பேங்க் பொறுப்பு. ஆகவே இதைப் படித்து முடிப்பதற்குள் கார்டை பிளாக் செய்யச் சொல்லுங்கள். அட்டெண்டர் மேல் போலீஸ் புகார் தனி.

இனிமேலுக்கு, பென்ஷன் வரும் கணக்கின் கார்டு அப்பாவிடம் இருக்க வேண்டாம். சின்னக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மாதம் மூவாயிரமோ ஐந்தாயிரமோ மட்டும் அதில் போடுங்கள். கையில் காசில்லாமல் இருப்பது பெரியவர்களுக்கு அவமானமாக இருக்கும், முழுக்கப் பிடுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு ஆயா மேல் சந்தேகம். அவர் பையைச் சோதிக்கலாமா? அம்மா அறையில் ரகசியக் கேமரா வைக்கலாமா? (சென்னை வாசகி)

பதில்: பையில் கை வைக்காதீர்கள், அது போலீஸ் வேலை. கேமராவைப் பொறுத்தவரை, அந்த அறையில்தான் உடை மாற்றுகிறார்கள், பக்கத்துக் கட்டிலில் இன்னொரு அம்மா இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் அதைப் பதிவு செய்தால் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். நிர்வாகமும் அறையில் இருப்பவர்களும் எழுத்தில் சம்மதித்தால், பீரோவை மட்டும் பார்க்கும்படி வைப்பதைப் பேசிப் பார்க்கலாம்.

இன்னொன்று. மறதி நோய் உள்ளவர்கள் 'எடுத்துட்டாங்க' என்று தினமும் சொல்வது அந்த நோயின் போக்கு. அதை நம்பி மாதம் பத்தாயிரத்துக்கு வேலை செய்யும் பெண்ணைத் திருடி என்று சொல்லிவிடாதீர்கள். அதே சமயம், 'அந்தம்மா எப்பவும் இப்படித்தான்' என்று வார்டன் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவதும் சரியில்லை. நிஜமாகவே எடுப்பவருக்கு அதைவிட வசதி ஏது? ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எழுதிவாருங்கள். ஒரே ஷிப்டில் திரும்பத் திரும்ப நடக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பெரியம்மா இருப்பது டிரஸ்ட் நடத்தும் இலவச இல்லம். நுகர்வோர் கோர்ட் போகலாமா? (தஞ்சை வாசகர்)

பதில்: எல்லோருக்கும் முழு இலவசம் என்றால் முடியாது. போலீசும், முதியோர் உதவி எண் 14567-ம்தான் வழி.

கேள்வி: அம்மா ஹோமிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே தவறிவிட்டார். ஹோமில் ஒரு பை கொடுத்தார்கள், செயின் அதில் இல்லை. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: முதலில் ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ நகையைக் கழற்றியிருப்பார்கள், யாரிடம் கொடுத்தோம் என்று ரெஜிஸ்டரில் பதிவு இருக்கலாம். ஆம்புலன்ஸில் கூடப் போன அட்டெண்டர் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, துக்கத்தில் கேட்கத் தோன்றாமல் இருந்த சம்பவங்களும் உண்டு. இரண்டு இடமும் கைவிரித்தால், வாரிசு என்ற முறையில் நீங்களே நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

கையெழுத்து மறுக்க வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பதற்கு அதையே காரணம் காட்டுவார்கள். பையை அவர்கள் முன்னாலேயே பிரித்து, இருப்பதை ஒவ்வொன்றாக எழுதி, கடைசி வரியில் 'செயின் ஒப்படைக்கப்படவில்லை' என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.