விரிசலைப் பார்த்துவிட்டு எபாக்சி வாங்குங்கள்

எபாக்சி கிரவுட், அதாவது இடுக்குகளை நிரப்பும் பிசின் கலவை பற்றிச் சேலம் வாசகர்களிடமிருந்து கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. எபாக்சி என்ற ஒரே பெயரில் டைல்ஸ் இடுக்குக்கு ஒரு சரக்கு, விரிசலுக்குள் செலுத்த ஒரு சரக்கு, இயந்திர அடித்தளத்துக்கு ஒரு சரக்கு என்று வேறு வேறாக விற்கிறார்கள். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. நான்கு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் எங்கள் குளியலறை டைல்ஸ் இடுக்குகள் கறுத்து உதிர்கின்றன. சுவரின் மறுபக்கம் ஈரம் தெரிகிறது. எபாக்சி கிரவுட் போட்டால் தீரும் என்கிறார் மேஸ்திரி. சாதாரண கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை. கொடுக்கலாமா?

பதில்: இடுக்கு கறுப்பதற்கும் உதிர்வதற்கும் கொடுக்கலாம். சிமென்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும். நாம் ஊற்றும் ஆசிட் அதிலுள்ள சிமென்ட்டைக் கரைத்துவிடும். எபாக்சிக்கு இந்த இரண்டு குறையும் இல்லை.

மறுபக்கத்து ஈரம் வேறு விஷயம். குளியலறையை ஓரிரு நாள் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். ஈரம் குறையவே இல்லையென்றால் சுவருக்குள் போகும் குழாய் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். குழாய் நன்றாக இருந்தால், தரையில் தண்ணீர் போகும் துளையை அடைத்து ஒருநாள் தண்ணீர் தேக்கி, மறுபக்கம் ஈரம் கூடுகிறதா என்று பாருங்கள். குழாயோ டைல்ஸுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சோ பழுதாகியிருந்தால், மேலே எதைப் பூசினாலும் சில மாதத்துக்குத்தான் தாங்கும்.

அளவையும் நீங்களே கணக்கிடலாம். ஒன்றுக்கு ஒன்று அடி டைல்ஸ், 3 மில்லிமீட்டர் இடுக்கு, 8 மில்லிமீட்டர் ஆழம் என்றால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வேண்டும். இரண்டுக்கு இரண்டு டைல்ஸுக்கு அதில் பாதி. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் போதும். பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே மெழுகிவிட்டுப் போனால் உரிந்துவிடும். சுரண்டுவது, காய விடுவது, பூசிய உடனே டைல்ஸ் முகத்தில் படியும் பிசினை ஈரப் பஞ்சால் துடைப்பது ஆகிய மூன்றும் கூலியில் அடக்கம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மறுநாள் துடைக்கலாம் என்று விட்டால் அந்தப் படலம் லேசில் போகாது.

கேள்வி: ஏற்காட்டில் எங்களுடைய பழைய வீடு. போர்டிகோ பீமின் அடிப்பக்கம் நீளவாக்கில் விரிசல் ஓடுகிறது. சில இடங்களில் பழுப்புக் கறையும் இருக்கிறது. எபாக்சி ஊசி போட்டு அடைத்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே விரிசல் இருந்து, பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு, இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது. துருவை உள்ளேயே விட்டு வாயை மட்டும் எபாக்சியால் மூடினால், அடுத்த மழைக்காலங்களில் பக்கத்தில் இன்னொரு விரிசல் கிளம்பும். பணம் போவதைவிட, பீம் உள்ளுக்குள் இளைப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

சிறிய சுத்தியலால் பீமின் அடியில் வரிசையாக, மெதுவாகத் தட்டிப் பாருங்கள். தட்டும்போது பெயர்ந்து விழக்கூடிய கான்கிரீட்டுக்கு நேர்கீழே நிற்க வேண்டாம். நல்ல கான்கிரீட் ‘ணங்’ என்று ஒலிக்கும். கம்பியை விட்டுப் பிரிந்த இடம் ‘தொப்’ என்று வெற்றொலி தரும். வெற்றொலி வந்த இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தக்காரர் இல்லாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தனியாக அழைத்துக் காட்டுங்கள். மொத்தச் செலவோடு பார்த்தால் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் சிறியது.

முறையான வேலை எப்படிப் போக வேண்டும் என்றால், முதலில் பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிரிந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவு கொத்தி எடுக்க வேண்டும். கம்பி பளபளக்கும் வரை துருவை நீக்கித் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பிறகு, பழைய கான்கிரீட்டோடு ஒட்டவைக்கும் பூச்சு பூசி, பாலிமர் கலந்த கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ கொண்டு பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மதிப்பீட்டில் இவை தனித்தனி வரிகளாக இல்லாமல் ‘எபாக்சி வேலை, மொத்தம்’ என்று ஒரே வரியாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எபாக்சி ஊசியே தவறு என்று சொல்லவில்லை. எப்போதோ ஒருமுறை பாரம் ஏறியதாலோ உலர்ந்து சுருங்கியதாலோ வந்து, அதன்பின் அசையாமல் நிற்கும் விரிசலுக்கு அது அருமையான மருந்து. தண்ணீர்போல் மெல்லிய ரெசின் (எபாக்சிப் பிசின்), மயிரிழை விரிசலுக்குள்ளும் இறங்கி இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடும். சாதாரணச் சூழலில் மேற்பரப்பு விரிசல் 0.3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி. விரிசல் அசைகிறதா என்று அறிய, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். வெயிலும் மழையும் ஒரு சுற்று பார்த்த பிறகும் கண்ணாடி உடையாமல் இருந்தால் விரிசல் அசையவில்லை. உடைந்தால் விரிசல் அசைகிறது. அதில் எபாக்சி செலுத்தினால், எபாக்சி கான்கிரீட்டைவிட உறுதியானது என்பதால் அது பிளக்காது. பக்கத்துக் கான்கிரீட்தான் பிளக்கும். அசையும் விரிசலுக்கு நெகிழும் பாலியூரித்தேன் சரக்குதான் பொருத்தம்.

உங்கள் ஊருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண எபாக்சி ஈரத்தில் ஒட்டாது, குளிரில் மிக மெதுவாகவே இறுகும். பனிமூட்டம் சுவரை நனைக்கும் மாதங்களை விட்டுவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வையுங்கள்.

கேள்வி: ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறேன். மாவுத் தண்ணீர் ஓடும் தளம் அரித்துப் போகிறது. மோட்டார் அடித்தளமும் ஆடுகிறது. இரண்டுக்கும் எபாக்சி போடலாமா?

பதில்: தளத்துக்குத் தாராளமாகப் போடலாம். தேங்கும் மாவுத் தண்ணீர் புளித்து அமிலமாகிறது. சிமென்ட் தளத்தை அரிப்பது அதுதான். வறுக்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பல எபாக்சிகள் 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். தாங்கும் வெப்பத்தைத் தயாரிப்பாளரின் தகவல் தாளில் பார்த்து வாங்குங்கள். மோட்டாரைப் பொறுத்தவரை அதிர்வு பலமாக இருந்தால் ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர், மணல் என மூன்று பகுதியாக வரும் எபாக்சி கிரவுட் வேண்டும். சிறிய மோட்டார் என்றால், சுருங்காத சிமென்ட் கிரவுட்டே போதும், செலவும் குறைவு.

கலக்கும்போது உடனிருங்கள். டப்பாவைப் பாதி பாதியாகக் கண்ணளவில் பிரிப்பதுதான் பெரும்பாலான வேலைகளைக் கெடுக்கிறது. ரெசினும் ஹார்டனரும் சொன்ன விகிதத்தில் முழுமையாகச் சேராவிட்டால் எத்தனை நாள் ஆனாலும் இறுகாது. டப்பாவின் அடியையும் ஓரத்தையும் வழித்துச் சேர்த்து, மணல் போடும் முன் இந்த இரண்டையும் நிறம் ஒன்றாகும் வரை கலக்க வேண்டும். மொத்தமாக வாளியில் வைத்திருந்தால் தானே சூடேறிச் சட்டென்று கட்டிப்போகும். சேலத்துச் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆகவே, விடியற்காலையில் தொடங்குங்கள். ஆட்களுக்குக் கையுறை கட்டாயம். ரெசினோ ஹார்டனரோ பட்டுத் தோல் ஒவ்வாமை வந்தால், பலருக்கு அது ஆயுள் முழுக்கத் தொடரும்.

கேள்வி: கடைவீதியில் வாங்கிய எபாக்சி, பூசி மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது. டப்பாவில் பார்த்தால், தயாரித்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. பில் தரவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்கிறார் கடைக்காரர்.

பதில்: பிசுபிசுப்புக்குக் கலவை விகிதமும் காரணமாக இருக்கலாம் என்று கடைக்காரர் வாதாடுவார். ஆகவே டப்பாக்களை எறியாதீர்கள். மீதிச் சரக்கு, லேபிள், பூசிய இடம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். பணம் செலுத்தியதற்கு வங்கிக் குறுஞ்செய்தியோ யு.பி.ஐ. பதிவோ இருந்தால் அதுவும் சான்றுதான். தயாரித்த மாதமும் ஆண்டும் லேபிளில் அச்சிடப்பட வேண்டும். இந்தச் சரக்குகள் பெரும்பாலும் ஓராண்டு அளவுக்கே நல்ல நிலையில் இருப்பவை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி பில் தராததும் நியாயமற்ற வணிக நடைமுறை, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. திரும்பப் பெறும் காலத்தைப் பில்லில் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. முதலில் கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆலை வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். வணிகத்துக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கொள்ளாது. சொந்தப் பிழைப்புக்கான சுயதொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே நீங்கள் பில்லையும் உத்தரவாதத்தையும் வாங்கும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.